வேலியும் வாசலும்

என் மகளின் திருமண அழைப்பிதழ்கள் அச்சகத்திலிருந்து வந்த அன்று, யார் யாருக்கு அனுப்புவதென்று பட்டியல் எழுத அமர்ந்தேன். உற்றார், உறவினர், உடன் பணியாற்றியோர், ஊரார் என எழுதிக்கொண்டே போனேன். 380 பெயர்கள் சேர்ந்தன. இத்தனை பேரின் அன்பைப் பெற்றோமே என்று பெருமிதம் கொண்டேன். தாளைப் புரட்டிப் பார்த்ததும் அந்தப் பெருமிதம் பொடிப்பொடியாயிற்று. என் சாதிக்கு அப்பாற்பட்ட பெயர்கள் வெறும் 23! அந்த 23 பேருள் எத்தனை பேர் வீட்டில் நான் அமர்ந்து உண்டிருக்கிறேன்? இரண்டே வீடுகளில்!

மேடைதோறும் சமத்துவம் முழங்கியவன் நான். சாதி ஒழிக என்று சுவரில் எழுதிய கை இந்தக் கை. அதே கை எழுதிய பட்டியல் என்னைப் பார்த்துக் கேட்டது: “நீர் பேசியது யாருக்காக? வாழ்ந்தது யாரோடு?”

மகளுக்கு மணமகன் தேடியபோது நான் சாதி பார்க்கவில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களிடம் சொன்னார்கள். அந்தத் தெரிந்தவர்கள் யார்? இந்தப் பட்டியலில் உள்ளவர்கள்தாமே! வட்டத்துக்குள் வீசிய வலையில் வட்டத்துக்குள் இருந்த மீன்தான் சிக்கியது. நான் சாதி பார்க்கவில்லை. எனக்காக என் பழக்கமே பார்த்துவிட்டது.

நண்பர்களே! ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரினின்றும் பேச்சால், உணவால், பழக்கத்தால் வேறுபடுவது ஏன்? குருதியே வேறு என்பார் சிலர். ஆண்டவன் வகுத்த வழி என்பார் வேறு சிலர். ஆராய்ந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

வடபுலத்தில், சகாரன்பூர் மாவட்டத்தில், காலாப்பூர் என்றோர் ஊர். அங்கு வழங்கும் பேச்சை ஆராய்ந்து, ஜான் கம்பர்ஸ் என்னும் அறிஞர் 1958-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களின் ஒலிப்பு, மற்றவர் ஒலிப்பினின்றும் வேறுபட்டிருப்பதை அவர் கண்டார். அம்மக்களோ நிலக்கிழார்களின் வயலில் நாள்தோறும் உழைத்தவர்கள்; அவர்களோடு நாள்தோறும் பேசியவர்கள். பிறகு ஏன் பேச்சு ஒன்றாகவில்லை? வேலைத் தொடர்பு இருந்தது. நட்புத் தொடர்பு இல்லை. பெரியவர்கள் சேர்ந்தமர்ந்து கதை பேசவில்லை. சிறுவர்கள் சேர்ந்து விளையாடவில்லை. வேறுபாடு விளைந்த வயல் குருதியன்று, பழக்கம்!

அதைப் படித்தபோது என் இளமைக்காலம் கண்முன் வந்தது. எங்கள் களத்தில் உழைத்த முதியவர், அரைக்காற்சட்டை அணிந்த என்னைச் ‘சின்னய்யா’ என்பார். அவரினும் இளையவரான என் தந்தையோ அவரை ‘டேய்’ என்பார். ஒருபுறம் ஆணை, மறுபுறம் ‘ஆகட்டுங்க’. நாள் முழுதும் பேசினார்கள். ஒரு நாளும் உரையாடவில்லை!

அண்ணல் அம்பேத்கர் 1916-லேயே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதியின் உயிர்நிலை அகமணமே என்று நிறுவினார். 2013-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தனர் என்றும், பின்னரே அகமணம் இறுகிற்று என்றும் கூறுகிறது. வேலி மண்ணோடு பிறந்ததன்று, மனிதன் நட்டது. நட்டதைப் பிடுங்க இயலாதா?

எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாக வேண்டுமென்று நான் கூறவில்லை. ஒரு வட்டாரத்துக் குழம்பு ஒரு மணம்; மற்றொரு வட்டாரத்துச் சொல் ஒரு சுவை. வாசல் திறந்திருக்கையில் வேறுபாடு செல்வம். ஒருவர் சுவையை மற்றவர் அறிவார். வாசல் அடைபட்டால் அதே வேறுபாடு உயர்வாகவும் தாழ்வாகவும் உருமாறுகிறது.

அன்று மாலை அழைப்பிதழுடன் புறப்பட்டேன். பள்ளியில் ஐந்தாண்டு என்னோடு ஒரே பலகையில் அமர்ந்தவன், அந்த முதியவரின் பேரன். எங்கள் ஊரின் மறுகோடியில் அவன் வீடு. நாற்பது ஆண்டுகளாக அவன் வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. அவன் பெயர் என் பட்டியலிலும் இல்லை. என் கைப்பேசியிலும் இல்லை.

கதவைத் திறந்தவன் திகைத்தான். பிறகு, “வாங்க” என்றான்.

‘வாடா’ என்று கூப்பிட்ட வாய் அது! அந்த ஒரு ‘ங்க’வில் நாற்பது ஆண்டுத் தொலைவு இருந்தது. மரியாதை இப்படியும் சுடும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அழைப்பிதழை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். வழி மறந்துபோயிற்றோ என்று கேட்டான். என்னிடம் விடையில்லை. “பசிக்கிறது” என்றேன். அவன் மனைவியார் இலை போட்டார். சோறும் கருவாட்டுக் குழம்பும். இரண்டாம் முறை சோறு வைக்கையில், நான் போதுமென்று கைமறித்தேன்.

“சாப்பிடுடா” என்றான்.

தோழர்களே! சாதியை ஒழிக்கச் சட்டம் வேண்டும், கல்வி வேண்டும், கிளர்ச்சியும் வேண்டும். அவற்றோடு, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்றிரவே அதை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லாத பெயர் எதுவோ, அந்த வாசலுக்கு நாளைக் காலையில் நடந்து செல்லுங்கள்!