எண்ணெய்க் கணக்கு

எண்ணெய் என்ற சொல்லை வகுப்பில் விளக்க நேரும்போது எள்ளின் நெய் என்று பிரித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். எள்ளுக்கு மட்டும் உரியதாயிருந்த பெயர் பின்னர் கடலைக்கும் தேங்காய்க்கும், ஏன், மண்ணெண்ணெய்க்கும்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டது. எண்ணுதலுக்கும் அச்சொல்லுக்கும் இலக்கணப்படி உறவு ஏதுமில்லை. ஆயினும் கடந்த ஓராண்டாகச் சிங்காநல்லூரிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் எண்ணெய் என்பது எண்ணப்படும் பொருளாகிவிட்டது.

காரணம் எளியது. எங்கள் இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவருக்குக் கல்லீரலில் கொழுப்பு. உண்பதையெல்லாம் எழுதி வாருங்கள் என்றார் மருத்துவர். இட்லியை எண்ணலாம், சோற்றைக் கரண்டியால் அளக்கலாம். தாளிப்பில் விட்டதையும், தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றியதையும், கோழிக்கறியில் பிரட்டி ஊறவைத்த மசாலாவோடு கலந்ததையும் எப்படி எழுதுவது? மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்போ 9 தருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம், அதாவது 120 கலோரிக்கு மேல். செக்கில் ஆட்டியதாயினும் ரீஃபைண்டு ஆயினும் இந்தக் கணக்கில் வேறுபாடில்லை. செக்கெண்ணெய் என்றால் தாராளமாக விடலாம் என்று இப்பக்கத்தில் பலரும் நம்புவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் உணவுகளுக்கான இத்தகைய அட்டவணைகள் பிறந்த இடம் எங்களுக்குத் தொலைவில் இல்லை. மேட்டுப்பாளையம் வழியே மலையேறினால் குன்னூர். அங்கே 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அய்க்ராய்டு 1937-இல் நூலாக்கியதும் குன்னூரில் இருந்தபோதுதான். அப்பணியைப் பிற்காலத்தில் விரித்தவர்களுள் முதன்மையான சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். ஆனால் அட்டவணை நூறு கிராமுக்குச் சொல்லும். எங்கள் வாணலியில் எத்தனை கிராம் என்பதை நாங்கள்தான் கண்டுகொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு மின்தராசு வாங்கினோம். அரைக் கிலோ கோழிக்கு நூறு கிராம் தயிர், இரண்டு மேசைக்கரண்டி கடலெண்ணெய், இஞ்சி பூண்டு, மிளகாய், மஞ்சள். தயிரில் 60 கலோரி, எண்ணெயில் 240-க்குச் சற்று மேல். மற்றவை பொருட்படுத்தத் தக்கவை அல்ல. கறியை வாணலியில் இட்டபின் ஊறவைத்த பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் மசாலாவை வழித்து நிறுத்து, அந்த விகிதத்தைக் கழித்துவிடலாம். பொரிப்பதாயின் முன்னும் பின்னும் எண்ணெயை நிறுத்தால், குறைந்ததில் பெரும்பகுதி கறிக்குள் போனதே. சமைத்த மொத்தத்தையும் நிறுத்து, தட்டில் விழும் பங்கைக் கொண்டு வகுத்தால் விடை கிடைக்கிறது. கத்தரிக்காய் மட்டும் எங்களைத் திகைக்க வைத்தது. ஊற்றியது முழுவதையும் அது குடித்துவிடுகிறது.

நாள்தோறும் இப்படி நிறுப்பது ஆகாத காரியம் என்று விரைவில் தெரிந்தது. மாதக் கணக்கு இதைவிட நேர்மையானது. மூவர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்ந்தது. லிட்டருக்கு 910 கிராம் என்று கொண்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம், ஏறத்தாழ 360 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி உணவில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் ஒதுக்குவது 27 கிராம். அதன்படி எங்களுக்கு மாதம் இரண்டே முக்கால் லிட்டருக்கும் குறைவாகவே போதும்.

இதை அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அடுப்பு அவர் வசம். மழை குறைந்த இந்தக் கொங்கு மண்ணில் கடலை விளைவித்து, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டுச் சமைத்த குடும்பம் அவருடையது. விருந்தாளிக்கு அரிசிம்பருப்புச் சோற்றின்மேல் எண்ணெய் தளும்ப விடுவதே மரியாதை. "எண்ணெய்க்குக் கணக்குப் பாத்தா சோறு எறங்குமா கண்ணு?" என்று கேட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் தாளிப்பையே நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் குழம்பில் கடுகு வெடிக்கவில்லை.

குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் பாட்டொன்று உண்டு. புதுமனைவி விரலால் தயிரைப் பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணில் கமழ, தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் மகிழ்ந்ததும் வெளியே தெரியாத நுட்பத்தோடுதான். ஆண்டுதோறும் பாடம் சொல்லும் இப்பாட்டில் அவள் என்ன உண்டாள் என்று மாணவர் யாரும் கேட்டதில்லை. தராசு வந்தபின் எங்களுக்கு அக்கேள்வி எழுந்தது.

ஒரு ஞாயிறன்று மூன்று தட்டுகளையும் நிறுத்துப் பார்த்தோம். எங்கள் தட்டுகளில் கறி இருநூறு கிராமை ஒட்டி இருந்தது. கடைசியாக உண்ண அமர்ந்த அம்மாவின் தட்டில் எழுபது கிராம், அதிலும் பாதி எலும்பு. மீதி வாணலியில் வழித்த மசாலாவில் பிசைந்த சோறு. எண்ணெயோ பெரும்பாலும் அந்த வழிப்பில்தான். ஆளுக்கு 40 கிராம் என்று நாங்கள் வகுத்த சராசரி, மூவரும் ஒன்றுபோல் உண்பதாக எண்ணிக்கொண்டு போட்ட கணக்கு. எழுபத்திரண்டு வயதில் அவருக்கு வேண்டிய புரதத்தைப் பற்றி எந்த மருத்துவரிடமும் அதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்போது கறி வெந்ததும் முதலில் அவர் பங்கை எடுத்து வைக்கிறோம். தாளிப்பு திரும்பி வந்துவிட்டது, தேக்கரண்டி அளவோடு. போன மாதம் மூன்று லிட்டர் ஆயிற்று. தராசை அம்மா துணி போட்டு மூடி வைக்கிறார். "அதுக்குக் கண்ணு பட்டுருமுங்க" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.