மூலக்கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான். அது அப்பாவோடு ஷிஃப்டுக்குப் போய்விடும். அவர் திரும்பிய பிறகுதான் பிள்ளைக்குப் பாடம். அந்த நேரத்தில் திறக்கும் கோப்பு சின்னதாக, நெட் இல்லாமலும் ஓடுவதாக இருக்க வேண்டும். அப்படி மாற்றிக்கொள்ள ஆசிரியர்களான நமக்கு அனுமதியும் வேண்டும், திருத்தக்கூடிய மூலக்கோப்பும் வேண்டும்.

2018-இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் பாடம் திறக்கும். அங்கே பல பாடங்களின் விவரத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் குறித்திருப்பதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. ஆக்கியவர் பெயரைச் சொல்லி, அந்த உரிமம் சொல்லும் வரம்புக்குள் யாரும் எடுத்தாளலாம்.

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது வேறு மாதிரி. அண்மையில் ஒளிச்சேர்க்கைப் பயிற்சித்தாள் ஒன்று வந்தது. இலையின் படம் அத்தனை அழகு. ஆனால் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து விழுகின்றன. குறுக்கே பெரிய வாட்டர்மார்க் வேறு. ஒரே ஒரு கேள்வியை எளிமையாக்க நினைத்தாலும் முழுவதையும் மறுபடி தட்ட வேண்டும்.

திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அதே இலைப் படத்தில் பாகங்களின் பெயர்களை ஒடியாவில் குறித்தால் அவர்களுக்கும் அது பாடமாகிவிடும். பூட்டிய கோப்பில் அதற்கு வழியில்லை.

யூனிகோடில் தட்டுங்கள். மூலக்கோப்பையும் பகிருங்கள். உரிமத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். உங்கள் பெயர் அதில் இருக்கட்டும், அதுதான் நியாயம்.

என்னுடைய ஒளிச்சேர்க்கைத் தாளை இப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். ஒடியா எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.