பிளஸ் ஒன்னைக் காணோம்!

மு.கு: இது கொஞ்சம் சீரியஸ் பதிவு. மொக்கையை எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கவும் :-)

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போயே போச்சு. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை, 2025-26 கல்வியாண்டிலிருந்து அது கிடையாது என்று சொல்லிவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூணு வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுற பாரம் குறைஞ்சதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்தத் தேர்வு எதுக்காக வந்துச்சுங்கிறதை மறந்துரக் கூடாதுல்லா?

நான் பிளஸ் ஒன் படிச்சது 2013-14-ல், பாளையங்கோட்டையில். தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று பேரெடுத்த ஊர். பள்ளிக்கூடம் பேர் வேண்டாம். ஜூலை பிறக்கும்போதே கையில் பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்துட்டாங்க. பிளஸ் ஒன் புத்தகம் அட்டை போட்ட புதுசு மாறாம பரண்ல ஏறிருச்சு. ஒரே பாடத்தை ரெண்டு வருஷம் உருப்போட்டா 1200-க்கு 1150 வராம எங்க போகும்? வந்துச்சு. இஞ்சினியரிங் முதல் செமஸ்டர் கணக்கு வகுப்பில், "இதெல்லாம் பிளஸ் ஒன்லயே படிச்சிருப்பீங்க" என்று வகையீட்டைத் தாண்டிப் போனார் பேராசிரியர். வகுப்பில் பாதிப் பேர் முழிச்சோம்.

இது எங்க பள்ளிக்கூடத்துக் கதை மட்டும் இல்லை. தமிழ்நாடு முழுக்கப் பல தனியார் பள்ளிகள் செஞ்ச வேலைதான். ரகசியமும் இல்லை. ஆசிரியருக்குத் தெரியும், ரிசல்ட் காட்டலைன்னா நிர்வாகம் அவரைத்தான் கேக்கும். பெற்றோருக்குத் தெரியும், கட்-ஆஃப் அரை மார்க் குறைஞ்சா நல்ல காலேஜ் போயிரும்னு அவங்களுக்குப் பயம். மாணவனுக்கு முதல்லயே தெரியும். ஒரே வியாதி, மூணு பேருக்கு மூணு இடத்தில் வலி. மூணு பேர்கிட்டயும் கேட்டாத்தான் முழுசாப் புரியும்.

2017 மே மாதம் அரசாணை வந்துச்சு. அந்த ஜூன்ல பிளஸ் ஒன் சேர்ந்த பசங்க அடுத்த மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதணும். நோக்கத்தில் தப்பே சொல்ல மாட்டேன். பிளஸ் ஒன் பாடத்தை நடத்த வைக்கணும், நீட் மாதிரி தேர்வுகள் ரெண்டு வருஷப் பாடத்திலயும் கேக்குது என்ற காரணம் நியாயம்தான். ஆனா ஆணைக்கும் பரீட்சைக்கும் நடுவில் பத்தே மாசம். இதுக்குள்ள யார்கிட்டக் கேட்டு, எதைத் திருத்த முடியும்?

அடுத்து நடந்ததைப் பாருங்க. 2018 மார்ச்சில் முதல் பேட்ச், இந்த 600-ம் அடுத்த வருஷ 600-ம் சேர்ந்து 1200 என்று நம்பி எழுதினாங்க. செப்டம்பரில், உயர்கல்விக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதும், பிளஸ் ஒன் மார்க் கணக்கில் வராது என்று அறிவிப்பு. 2021-ல் கொரோனா. ஜூன் 5-ம் தேதி பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்து. மார்க் போட வந்த சூத்திரத்தில் பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30, பிளஸ் ஒன்னுக்கு... 20! கணக்கில் வராதுன்னு சொன்ன மார்க்!

என் சித்தி மகள் அந்த பேட்ச். "யண்ணே, எந்த மார்க்குதான் கணக்கு? முன்கூட்டியே சொன்னா அதுக்குப் படிப்போம்லா" என்று கேட்டாள். மூணு நாலு வருஷத்துக் குழப்பம் மொத்தமும் அந்த ஒத்தக் கேள்வியில் இருக்கு.

நம்ம தொழில்லயும் இது உண்டு. கிளையண்ட் மேனேஜர்கிட்ட மட்டும் தேவையைக் கேட்டு சாஃப்ட்வேர் எழுதினா, தினம் அதைத் தட்டப் போற குமாஸ்தா முதல் நாளே திட்டுவார்.

2022-ல் நீதிபதி த. முருகேசன் தலைமையில் அமைச்ச கல்விக் கொள்கைக் குழு பொதுமக்கள்கிட்டக் கருத்து கேட்டுச்சு. பாராட்டணும். ஆனா கேக்குற விதம் ஒண்ணு இருக்கு. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துற ஒரு அம்மா, ஒரு நாள் கூலியை விட்டுட்டு டவுனுக்குக் கூட்டத்துக்கு வருவாங்களா? ஈமெயில் அனுப்புவாங்களா? "தேர்வுச் சீர்திருத்தம் பற்றி உங்க கருத்து என்ன?" என்றால் "எனக்கு என்னய்யா தெரியும், சார்வாள்ட்ட கேளுங்க" என்பாங்க. "உங்க பிள்ள இப்ப எந்த வகுப்புப் புத்தகத்தைப் படிக்குது?" என்று கேட்டுப் பாருங்க. டாண்னு பதில் வரும்.

கேட்டதை எல்லாம் செஞ்சே தீரணும்னும் இல்லை. ஸ்காட்லாந்தில் பேராசிரியர் லூயிஸ் ஹேவர்ட் தலைமையில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் எல்லாரிடமும் கேட்டு 2023-ல் ஒரு அறிக்கை தந்தாங்க. நாலாம் ஆண்டு உயர்நிலைத் தேர்வுகளை எடுத்துரலாம் என்ற பரிந்துரையை 2024-ல் அரசு ஏத்துக்கலை. ஆனா ஏத்துக்கலைன்னு வெளிப்படையாச் சொன்னாங்க. கருத்து சொன்னவனுக்கு ஒரு பதிலாவது கிடைச்சுச்சு.

இப்ப என் கவலைக்கு வாரேன். தேர்வு போயிருச்சு, கட்-ஆஃப் போகலை. பழைய வியாதி திரும்பி வர எத்தனை நாள் ஆகும்? அதுக்காக மறுபடியும் ஒரு பொதுத்தேர்வு வேண்டாம். காலாண்டு, அரையாண்டு முடியும்போது, பேர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டில் பிளஸ் ஒன் பசங்ககிட்ட ஒரே கேள்வி கேட்டாப் போதும்: இந்த வாரம் எந்தப் புத்தகத்தைத் திறந்தீங்க? ஆசிரியர்கிட்ட, எந்தப் பாடத்துக்கு நாள் பத்தலைன்னு கேக்கலாம். அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள். அங்கயே கேட்டுரலாம். அந்தக் குழு இல்லாத தனியார் பள்ளிகளில்தான் துண்டுச் சீட்டு ரொம்ப அவசியம்.

நாமளும் சும்மா இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுல பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருந்தா, கையில் இருக்கிறது எந்த வருஷப் புத்தகம்னு கேட்டுட்டு வந்து பின்னூட்டத்தில் சொல்லுங்க.