மண் குடிக்குமா?

மடிப்பாக்கத்தில் அந்த மனைக்கு வரைபடம் போட்ட என்ஜினீயர், மழைநீர்க் குழியை ஒரு மூலையில் சின்ன வட்டமாகக் காட்டியிருந்தார். மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம். கிச்சன் எந்தப் பக்கம், பூஜை அறை எந்தப் பக்கம் என்று மூன்று மாதம் பேசிய குடும்பம், அந்த வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அன்றிலிருந்து எல்லா வரைபடத்திலும் இருக்கிற வட்டம்தானே!

டீச்சருக்கு உறுத்தியது வேறு. (பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டாலும் மேஸ்திரி முதல் தண்ணீர் லாரிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.) புது வீட்டின் தரைமட்டத்தைச் சாலையிலிருந்து நாலடி உயர்த்தியிருந்தார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் தாழ்வாகக் கட்டத் துணிய மாட்டார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பக்கத்து வீடு பழையது. சாலையே அதைவிட உயரமாகிவிட்டது. அங்கே தனியாக இருக்கும் பாட்டி, அந்த வெள்ளத்துக்குப் பிறகு வாசற்படியில் ஓரடி உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசித் தடுப்புக் கட்டிவிட்டார். உள்ளே போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பாட்டியும் சுவரைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்.

“நம்ம வீடு மேடாயிடுச்சு. நம்ம மொட்டைமாடித் தண்ணி எங்கே போகும்?” என்று டீச்சர் கணவரிடம் கேட்டார். “அதான் குழி இருக்கே” என்றார் அவர்.

வேளாண்மை படிக்கும் தங்கை மகளிடம் வாட்ஸ்அப்பில் கேட்டபோதுதான் விஷயம் திசை மாறியது. “பெரியம்மா, குழி வெட்டறதுக்கு முன்னாடி அந்த மண் தண்ணி குடிக்குதான்னு பாருங்க. இல்லேன்னா அது குழி இல்லை, வெறும் தொட்டி!”

மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. “நாப்பது வீட்டுக்குப் போட்டிருக்கேன் டீச்சரம்மா. இதே மூணடி உறை, இதே அஞ்சடி. யாரும் ஒண்ணும் கேட்டதில்லை.” இருந்தாலும் டீச்சர் பேச்சைத் தட்ட முடியாமல், ஒரு குடம் தண்ணீரை மனையின் ஓரத்தில் ஊற்றிக் காட்டினார். பத்தே நிமிடத்தில் காணோம். “பாத்தீங்களா?”

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அவர் ஊற்றிய இடம், மனையை உயர்த்த லாரியில் கொண்டுவந்து கொட்டிய சவுடு. அதற்குக் கீழேதான் அசல் மண். களிமண்ணாக இருந்தால் கோடையில் பாளம் பாளமாக வெடித்திருக்கும். முதல் குடம் அந்த வெடிப்பில் இறங்கி ஒளிந்துகொள்ளும். நனைந்ததும் களிமண் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். மழை விடாமல் பெய்யும்போது குழி சந்திப்பது இந்த நனைந்த மண்ணைத்தான்.

அதனால் சோதனையை முறையாகச் செய்தார்கள். சவுட்டைத் தாண்டி, குழியின் அடி எங்கே வருமோ அந்த ஆழம்வரை தோண்டி, அங்கே ஓரடிக்கு ஓரடியாக ஒரு சின்னப் பள்ளம். கடப்பாரை பட்ட இடத்தில் களிமண் பூசினதுபோல வழவழப்பாகிவிடும். அந்தப் பூச்சே தண்ணீரை இறங்கவிடாது என்பதால், பக்கங்களை ஆணியால் கீறிவிட்டார்கள். அடியில் இரண்டு கை ஜல்லி. ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிற்கவிட்டு, காலையில் மறுபடி நிரப்பி, பள்ளிக்கூட நாட்களின் 30 செ.மீ. ஸ்கேலை ஒரு குச்சியில் கட்டி நட்டுவைத்தார் டீச்சர். வெயிலில் ஆவியாகாமல் இருக்க மேலே ஒரு பலகை.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அடுத்த மணி நேரமும் அதே 4. மேஸ்திரி குனிந்து ஸ்கேலைப் பார்த்தார், நிமிர்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மணல் என்றால் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். களிமண்ணில் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலோர மணலில் ஒரு சாதாரணக் குழியே நன்றாக வேலை செய்யும். அதே அளவைக் களிமண்ணில் வெட்டினால் அரசாங்க ஃபைலுக்குத்தான் உதவும். ஒரே நகரம்தான், மண் வேறு. அளவு மட்டும் எப்படி எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்கும்?

டீச்சர் கணக்குப் போட்டார். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். மொட்டைமாடி சுமார் 75 சதுர மீட்டர். நவம்பரில் ஒரு நல்ல மழை, 50 மில்லிமீட்டர் என்று வைத்தால் 3,750 லிட்டர். அந்தக் குழி கொள்ளுவது 1,000 லிட்டர்; உடைந்த செங்கல் போட்டு நிரப்பினால் அதில் பாதிகூட இல்லை. அடிப்பகுதியும் பக்கங்களும் சேர்ந்து மணிக்குச் சுமார் 20 லிட்டர் குடிக்கும். ஒன்றரைக் குடம்! வெறும் குழி ஒருமுறை நிரம்பினாலே காலியாக இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால்? மீதியெல்லாம் மதிலை ஒட்டிப் பாட்டி வீட்டுப் பக்கம்தான் ஓடும்.

கணவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். “சரி, என்ன பண்ணலாம்?” என்றார். அதற்குமேல் விவாதம் இல்லை.

கைபோர் போடுகிறவர்களை வரவழைத்தார்கள். குழியின் அடியிலிருந்து ஆறு அங்குல அகலத்தில் துளை இறங்கியது. கறுப்புக் களிமண்ணாகவே வந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து பன்னிரண்டு அடியில் நிறம் மாறி, பொலபொலவென்று மக்கிய பாறைத்துகள் வந்தது. அங்கேயும் ராத்திரி ஊறவிட்டுத்தான் அளந்தார்கள். காலையில் ஊற்றிய இருபது குடமும் அரை மணி நேரத்தில் இறங்கிப்போனது. துளைபோட்ட குழாயை இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் போட்டார்கள். சேறு இறங்கினால் துளை அடைத்துக்கொள்ளும் என்பதால், குழிக்கு முன்னால் வண்டல் தங்க ஒரு சின்னத் தொட்டி.

மொட்டைமாடித் தண்ணீர் முதலில் வடிகட்டி வழியாகச் சம்புக்குப் போகும்படி குழாயைத் திருப்பினார்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குத் தவம் கிடந்த குடும்பம் அது. அந்த ஏற்பாட்டுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சம்பு நிறைந்தால்தான் குழிக்கு. அதுவும் நிறைந்தால், தெருவின் மழைநீர் வடிகாலுக்கு. பாட்டி வீட்டு மதில் பக்கம் எந்தக் குழாயும் இல்லை. மொத்தச் செலவு, ஹாலுக்குப் பார்த்து வைத்திருந்த டைல்ஸை ஒரு படி இறக்கினதில் சரியாகிவிட்டது. மகளுக்கு அதில் இன்னும் வருத்தம்.

இது முழுத் தீர்வு என்று டீச்சர் நினைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே ஏறிவிட்டால் எந்தக் குழியும் குடிக்காது. அதனால் ஸ்கேல் கட்டிய குச்சியை எறியவில்லை; நவம்பரில் ஒருமுறை குழிக்குள் விட்டு அளக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆவணியிலும் வண்டல் தொட்டியை வாருவதற்கு மேஸ்திரியிடமே சொல்லியாயிற்று.

வேலை முடிந்த அன்று பாட்டிக்குக் குழியைத் திறந்து காட்டினார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லதும்மா, ஒரு மழை வரட்டும்” என்றார். வாசல் தடுப்பை இடிக்கும் பேச்சையே அவர் எடுக்கவில்லை.