வாலைப் பிடிச்சு ஒரு வாக்கிங்!

காலை நாலே முக்கால். கிருஷ்ணன்கோவில் முக்கு. மதுரை ரோட்டில் லாரிகள் மட்டும் முழித்திருக்கும் நேரம். டீக்கடை பாய்லர் கொதிக்க ஆரம்பித்ததும் ஆறு பேர், நாலு நாய்கள் என எங்கள் டீம் ஆஜர்!

"என்னப்பா... நாலு பைரவரையும் கூட்டிக்கிட்டு சதுரகிரிக்கா?" என்றார் டீ மாஸ்டர்.

"இல்லண்ணே... கம்மாக்கரை வரைக்கும்தான்!"

அவர் கிண்டலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. சதுரகிரியில் வழி தவறினால் பைரவரே நாய் உருவத்தில் வந்து வழி காட்டுவார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. ஆனால், நம்ம வீட்டு பைரவரை அந்தக் காட்டுக்குள் கூட்டிப் போக ஆசைப்பட்டால்... ஸாரி பாஸ், நோ என்ட்ரி! சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர் காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. நாய் குரைத்தால் மான் ஓடும் என்பது மட்டும் பிரச்னை இல்லை. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தன. அவற்றில் சிலவற்றின் உடம்பில் இருந்தது 'டிஸ்டெம்பர்' வைரஸ். நாய்களுக்குச் சாதாரணமாக வரும் வியாதி! அதனால மலையைத் தூரத்தில் இருந்து சைட் அடிப்பதோடு சரி.

எங்க ரூட், வத்திராயிருப்பு ரோட்டில் கொஞ்ச தூரம், அப்புறம் வண்டிப்பாதை, தென்னந்தோப்பு, கம்மாய். போகும்போது மலை எதிரே நிற்கும். இருட்டில் கறுப்பாக இருந்து, நீலமாகி, ஆறு மணிக்கு உச்சியில் மட்டும் லேசாகச் சிவக்கும். அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவே எத்தனை அலாரம் வேண்டுமானாலும் வைக்கலாம்!

நாலு கால் பார்ட்டிகளையும் அறிமுகப்படுத்திடுறேன். கேன்டீன் வாசலிலேயே வளர்ந்த மணி, கோலி. பிரியாணிக்குப் பிறந்த குண்டு லேப்ரடார் ப்ரூனோ. நாலாவது, ஹீரோ... வீரா. அக்மார்க் ராஜபாளையம்! பால் வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு, வேட்டைக்கென்றே செதுக்கின மாதிரி கால்கள். 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டதே... அதில் ஒன்று இவன் வம்சம்தான். ஒரே குறை, வீராவுக்குக் காது கேட்காது. இந்த இனத்தில் அப்படிப் பிறக்கும் குட்டிகள் உண்டு. கை ஜாடைதான் அவனுக்கு மொழி.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்குள் டீக்கடைக்குத் திரும்பிடணும் என்பது எங்க ரூல். அன்றைக்கு ஒருத்தனுக்கு புது மொபைல். கம்மாய் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "செம பேக்கிரவுண்டு மச்சி!" என்று ஆளாளுக்கு போஸ் கொடுத்ததில் மணி ஏழரை. போட்டோவுக்காக வீராவின் சங்கிலியையும் கழற்றிவிட்டோம். அந்த நேரம் பார்த்து ஒரு கீரிப்பிள்ளை குறுக்கே ஓட... வீரா பறந்தான்! கத்தி என்ன பிரயோஜனம்? அவனுக்குத்தான் கேட்காதே. கம்மாயை ரெண்டு சுற்று சுற்றி, நாக்கு தொங்கத் தொங்க வந்து நின்றான். நாங்க கை தட்டினோம். அவனுக்குத் தண்ணி கொடுக்கப் போனால், பாட்டில் எல்லாம் காலி. குடித்தது நாங்கதான்!

"நாட்டு நாய்டா, வெயிலெல்லாம் அவனுக்கு ஜுஜுபி!" என்றபடி கிளம்பினோம். திரும்பும்போது வெயில் நேரா முகத்தில் அடிக்கும். வீரா எங்க பின்னாலேயே வந்தான். ஒரு இடத்திலும் நிற்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. தோப்பு ஓரத்தில் திடீரென்று கால் பின்ன, கொழகொழவென்று எச்சில் வழிய, அப்படியே சரிந்துவிட்டான். ஈறு ரெண்டும் ரத்தச் சிவப்பு. எங்களுக்குக் கை கால் ஓடலை.

நல்லவேளை, தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தன் துண்டை நனைத்து வீரா மேல் போர்த்த, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பாட்டி ஓடி வந்தார். "அத எடுங்கடா மொதல்ல! போத்துனா சூடு எப்படிடா எறங்கும்? தண்ணிய ஊத்துங்க, காத்துப் படட்டும்!" வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று குடம் குடமாக ஊற்றினோம். தென்னை ஓலையால் விசிறினோம். பத்து நிமிஷம் கழித்து வால் நுனி லேசாக அசைந்தது. ஆறு பேரும் அழுதோம். வெளியே சொல்லிடாதீங்க!

ஆட்டோ பிடித்து கால்நடை டாக்டரிடம் ஓடினால், அவ்வளவு தண்ணி ஊற்றிய பிறகும் காய்ச்சல் 104 டிகிரி. "101, 102-தான் இதுக்கு நார்மல். நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்கிற வசதி நாய்க்குக் கிடையாதுப்பா. மூச்சு வாங்கியே சூட்டை இறக்கணும். ஓட விட்டுட்டு வெயில்ல நடக்க வெச்சா, நாட்டு நாயாவது சீமை நாயாவது? நல்லவேளை, தண்ணி ஊத்திட்டுத் தூக்கிட்டு வந்தீங்க. அப்படியே கொண்டாந்திருந்தா வழியிலேயே முடிஞ்சிருக்கும்" என்றார். ரெண்டு டிரிப்ஸ் ஏறி, மூணு நாள் கழித்துத்தான் வீரா பழைய வீரா ஆனான்.

இப்போ எங்க ரூல்ஸ் ஸ்ட்ரிக்ட் மக்களே!

* ஆறரைக்கு யூ-டர்ன். மலை எவ்வளவு அழகாக இருந்தாலும்!

* புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்க. நமக்குச் சுட்டால் அதுக்கும் சுடும்.

* நாய்க்குத் தனி பாட்டில், தனிக் கிண்ணம். மயங்கின நாய் வாயில் மட்டும் தண்ணி ஊற்றாதீங்க, புரை ஏறிடும்.

* பக் மாதிரி சப்பை மூக்குப் பார்ட்டிகளுக்குக் கோடையில் லீவு. மூச்சு விடுவதே அதுங்களுக்குப் பெரும்பாடு.

* தடுப்பூசி போடாத நாய்க்கு டீமில் இடமில்லை. சங்கிலியைக் கழற்றுவதும் கிடையாது.

வீரா அன்றைக்கு ஒருதடவைகூட "முடியல"ன்னு காட்டிக்கலை. நாம நடக்கிற வரைக்கும் அவனும் நடப்பான், விழுகிற வரைக்கும். அவனுக்கும் சேர்த்து "போதும்"னு சொல்ல வேண்டியது நாமதான்.

நேற்று ஏழு மணிக்கெல்லாம் டீக்கடையில் இருந்தோம். எங்களுக்கு டீ, வீராவுக்குப் பொறை. "என்னப்பா, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார் மாஸ்டர்.

"பைரவர் உத்தரவுண்ணே!"