மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் ஒரு பிரேக் பைப்பும்

ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. இலங்கைத்துறையில் இரும்புக்கு ஆயுசு குறைவு. எங்கட மொறிஸ் மைனரின் பெயின்ற் பளபளவென்றுதான் கிடக்கு. கீழே படுத்துப் பார்த்தால் பின்சில்லுக்குப் போகிற பிரேக் பைப் செதில் செதிலாகக் கழருது. சித்தப்பாவோடு சேர்ந்து முற்றத்திலேயே மாற்றுவதென்று முடிவெடுத்தோம்.

மைனர் 1948இல் வந்த கார். பிரேக்குக்கு இருப்பது ஒரேயொரு சுற்று. சாரதியின் காலடிக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து ஒரே ஒயில்தான் நாலு சில்லுக்கும் போகிறது. எங்கே வெடித்தாலும் நாலும் போச்சு, மிச்சம் ஹாண்ட் பிரேக் மட்டும். இரண்டு தனிச் சுற்று வேண்டுமென்று அமெரிக்காவில் விதி வந்ததே 1968இல்தான். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்க முந்தி, இந்தக் காரைப் பாதையில் ஏற்றித்தான் டவுனுக்குக் கொண்டுபோவார்களாம். சரிவில் பிரேக் பிடிக்காட்டி நேரே தண்ணி!

"பிரிஜ்ஜுக்குப் போடுற செப்புக் குழாயை வளைச்சுப் போடுங்க, காணும்" என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அந்த யோசனைக்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் இதே மைனரும் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கெட்டித்தனத்தில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் மண்ணெண்ணெய் சரிவராட்டி கார் நின்றுவிடும், அவ்வளவுதான். பிரேக் பைப் வெடித்தால் கார் நிற்காது.

செப்பு துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் வெறும் செப்பு அதிர்வில் இறுகி இறுகி மயிரிழையாக வெடிக்கும். செப்பும் நிக்கலும் கலந்த பைப் உப்பையும் தாங்கும், அதிர்வையும் தாங்கும், கையாலேயே வளையும். அதைத்தான் கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்தோம். நுனியை விரிக்கிற கருவி இரவல். விரித்த வாய் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒயில் கசியும். சித்தப்பா மூன்று நுனியை வெட்டி எறிந்தார். "வலையெண்டா ஒரு கண் பிஞ்சாலும் பறவாயில்லடா" என்றார்.

எங்கட முற்றம் மணல். ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த பலகை வைக்காமல் ஒருத்தரும் காருக்குக் கீழே போகவில்லை. ஜக்கை மட்டும் நம்பிப் படுக்கிறவர்களோடு எங்களுக்குக் கதையே இல்லை.

ஆகத் தூரத்தில் இருக்கிற இடது பின்சில்லில் தொடங்கி எயர் எடுத்தோம். ஒராள் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றாள் நிப்பிளைத் தளர்த்தி இறுக்க வேணும். இறுக்க முதல் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பழைய ஒயில் முழுவதையும் வெளியேற்றினோம். அது ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 3 ஒயில் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரமேறினால் அந்த அளவு 140. கொதித்தால் பைப்புக்குள் ஆவி, பெடல் தரைக்குப் போகும். எங்கட காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாற்ற வேணும். திகதியை பொனற்றின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.