சம்பளமில்லாத ஆட்டம், கடனில் எழுந்த அரங்கம்

லீ ஆற்றங்கரையில் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் முதலில் கண்ணில் பட்டது ஜப்பான் கொடி. அதன் பின்னால் சே குவேராவின் முகம். இன்னும் கொஞ்சம் தள்ளி சோவியத் யூனியனின் அரிவாள் சுத்தியல். அயர்லாந்தின் தென்கோடியில், இரண்டேகால் லட்சம் பேர் வாழும் கார்க் நகரத்தில் இவர்களுக்கெல்லாம் என்ன வேலை?

“செவப்பா இருந்தா போதும் அங்கிள். எந்த நாட்டுக் கொடின்னு யாரும் கேக்க மாட்டாங்க” என்றான் என்னை அழைத்துப் போன நண்பரின் மகன். மென்பொருள் வேலைக்கு வந்து, இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டவன். கார்க் அணியின் நிறம் சிவப்பும் வெள்ளையும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைக்காலக் கொடிகூட ஒரு காலத்தில் இங்கே பறந்ததாம். அது மட்டும் வேண்டாம் என்று ஆட்டத்தை நடத்துகிறவர்களே சொல்லிவிட்டார்கள். நல்ல காரியம்.

அன்று 2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை. ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆட்டத்தின் மன்ஸ்டர் மாகாணப் போட்டியில் கார்க் மாவட்டமும் டிப்பரரி மாவட்டமும் மோதுகின்றன. அரங்கத்தின் பெயர் பார்க் ஈ க்வீவ். இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கத்துக்கு 1929 முதல் 1964 வரை பொதுச் செயலாளராக இருந்த பாட்ரிக் ஓ க்வீவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நகர மையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கார்களை விலக்கி நடப்பவர்களுக்கே விட்டுவிட்ட மரீனா சாலையில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பழைய தொழிற்பேட்டை. ஹென்றி ஃபோர்டின் அப்பா இந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறியவர். மகன் 1917இல் இங்கே தொழிற்சாலை தொடங்கினார். டிராக்டரும் காரும் அங்கே உருவாயின. பக்கத்தில் டன்லப் டயர் ஆலை. 1983இல் டன்லப் மூடியது, 1984இல் ஃபோர்டும் மூடியது. பழைய தொழிற்கூடம் ஒன்றில் இன்று சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த மரீனா மார்க்கெட் நடக்கிறது. வேலை போன ஊர் எப்படி இருக்கும் என்பது இந்தச் சாலைக்கு நன்றாகவே தெரியும்.

உள்ளே போனதும் எனக்குத் தலை சுற்றியது. 45,000 பேர் கொள்ளும் அரங்கம். அதில் 21,000 பேருக்குத்தான் இருக்கை, மற்றவர்கள் கோல்களுக்குப் பின்னால் உள்ள படிக்கட்டுகளில் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். அன்று 40,000க்கு மேல் கூட்டம். ஆடுகளமோ கால்பந்து மைதானத்தைவிட மிகப் பெரிது, 130 மீட்டருக்குக் குறையாத நீளம். அணிக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டை. தோல் தைத்த பந்து, எடை 120 கிராமுக்குள்.

ஹர்லிங்கை டிவியில் பார்ப்பது வேறு. வேலியோரம் நின்றால் மட்டையும் மட்டையும் மோதும் சத்தம் எலும்பில் கேட்கிறது. காற்றில் வரும் பந்தை ஒருவர் வெறுங்கையால் பிடிக்கிறார், அவர் விரல்களை நோக்கி மூன்று மட்டைகள் வருகின்றன. தலைக்கவசம் 2010இல்தான் எல்லோருக்கும் கட்டாயமானது. கோல் கம்பத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டு போட்ட நடுவர்கள், ஏதோ ஆஸ்பத்திரி டாக்டர்கள் மாதிரி. குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் வெள்ளைக் கொடி, 1 புள்ளி. கீழே வலைக்குள் போனால் பச்சைக் கொடி, 3 புள்ளி. அன்று பந்து ஆட்டத்தில் விழுவதற்கு முன்பே டிப்பரரி வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. எதிராளியை மட்டையால் இடித்தாராம். பதினான்கு பேரோடு ஆடிய டிப்பரரியை கார்க் 15 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கியது.

எனக்குப் பெரிய அதிசயம் அதுவல்ல. களத்தில் இருந்த ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, எலக்ட்ரீஷியன், கல்லூரி மாணவர். திங்கட்கிழமை காலை எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும். பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கு ஆடுகிறார்கள், அங்கிருந்து மாவட்ட அணிக்குத் தேர்வாகிறார்கள். வீரர்களை ஏலம் எடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. 1884இல் தர்ல்ஸ் ஊரின் ஓட்டல் அறை ஒன்றில் கூடிய சிலர் தொடங்கிய சங்கம், 140 ஆண்டு தாண்டியும் இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறது. சம்பளமே இல்லாத ஆட்டத்துக்கு இத்தனை பெரிய அரங்கத்தைக் கட்டக் காசு எங்கிருந்து வந்தது?

இடைவேளையில் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் அதைத்தான் கேட்டேன். ஃபோர்டு மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர். “இந்தக் கேள்வியைக் கார்க்கில் எங்கே கேட்டாலும் இரண்டு பேர் சண்டை போடுவார்கள், ஜாக்கிரதை” என்று சிரித்தார்.

இங்கே முதலில் இருந்தது 1904இல் திறந்த திடல். அதை எடுத்துவிட்டு 1976இல் சிமெண்டுக் கிண்ணமாக ஓர் அரங்கம் கட்டினார்கள். கட்டிய நாளில் பெருமைதான். மைக்கேல் ஜாக்சன் 1988இல் இங்கே பாடினார், பிரின்ஸ் 1990இல். ஆனால் கிண்ணத்துக்கு அடியில் சுற்றிப் போகும் ஒரு சுரங்கவழி இருந்தது. ஒடுக்கமானது, இருட்டு. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் மொத்தமும் அதற்குள்தான் இறங்கும். “எதிரே வருகிறவன் பீர் குடித்தானா விஸ்கி குடித்தானா என்று மூச்சிலேயே சொல்லிவிடலாம். என் மகனை ஒரு தடவை தோளில் தூக்கிக்கொண்டேன், பாசத்தால் இல்லை, நசுங்கிவிடுவான் என்று” என்றார் பெரியவர். இருக்கைகளில் முட்டியை மடக்கித்தான் உட்கார முடியும். நாற்பது வயதைத் தொடும்போது இடித்துக் கட்டியே ஆகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

வந்த நேரம்தான் மோசம். 2008இல் அயர்லாந்தின் வங்கிகள் சரிந்தன. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நிதியத்திடமும் கையேந்தி 8,500 கோடி யூரோ உதவித் திட்டத்துக்கு நாடு சம்மதித்தது. பாதியில் நின்ற குடியிருப்புகள் 2,800க்கு மேல் என்று அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு சொன்னது. பேய்க் குடியிருப்பு என்றே அவற்றுக்குப் பெயர். தெருவிளக்கு எரியும், வீட்டில் ஆள் இருக்காது. இளைஞர்கள் சிட்னிக்கும் பெர்த்துக்கும் டொராண்டோவுக்கும் விமானம் ஏறினார்கள். பதினைந்து பேரைத் திரட்ட முடியாமல் கிராமத்து கிளப்புகள் பக்கத்து ஊரோடு சேர்ந்து ஆடின. ஆடுவதற்கே ஆள் இல்லாத நேரத்தில் அரங்கம் எதற்கு? கேட்டவர்களை விவரமில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் கட்டினார்கள். 2014இல் அரசு 3 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டது. டப்ளினில் இருக்கும் தலைமைச் சங்கம் 2 கோடி யூரோ. மொத்தச் செலவு 7 கோடி என்பது அப்போதைய பேச்சு. 2015இல் இடித்தார்கள், 2017 ஜூலையில் திறந்தார்கள். கணக்கு பார்த்தபோது 9½ கோடியைத் தாண்டியிருந்தது. அதற்கும் மேலே போகும் என்று சங்கத்துக்குள்ளேயே ஒரு கட்டத்தில் பேச்சு எழுந்து, ஊரே கலங்கியது. போதாததற்கு 2019 பிப்ரவரியில் புதுப் புல்தரை ஆட்டத்தின் நடுவே பெயர்ந்து வந்தது. அதைப் பிய்த்தெறிந்து புதிதாகப் போட்டார்கள்.

அரங்கத்துக்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று, 2023 ரக்பி உலகக் கோப்பை அயர்லாந்துக்கு வந்தால் சில ஆட்டங்கள் இங்கே நடக்கும் என்பது. திறந்து நான்கு மாதம் ஆவதற்குள் அந்தக் கோப்பை பிரான்சுக்குப் போய்விட்டது. வராத விருந்தாளியை நம்பிப் பந்தல் போட்டவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

பொதுப் பணம் வாங்கினால் பொதுக் கேள்வியும் வரும். கார்க்கில் பிறந்த கால்பந்து வீரர் லியம் மில்லர் 36 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவர் குடும்பத்துக்காக 2018இல் ஒரு கால்பந்து ஆட்டம் நடத்த இந்த அரங்கத்தைக் கேட்டார்கள். வேற்று ஆட்டங்களுக்கு இடமில்லை என்ற விதியைக் காட்டிச் சங்கம் முதலில் மறுத்தது. 3 கோடி யூரோ மக்கள் பணத்தில் கட்டிய இடமல்லவா என்று நாடே கொதித்தது. சங்கம் இறங்கி வந்தது, அரங்கம் நிரம்பியது. 2022இல் தென்னாப்பிரிக்க அணியோடு மன்ஸ்டர் ரக்பி ஆடியதும் இங்கேதான். விதியால் திறக்காத கதவைக் கடன் திறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. எட் ஷீரனும் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பாடுவது ஹர்லிங் ரசிகர்களுக்காக அல்ல, வட்டிக்காக. அதில் தவறொன்றும் இல்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. 2024 தொடக்கத்தில் சூப்பர்வேல்யூ என்ற பலசரக்குக் கடைத் தொடருக்குப் பெயர் உரிமையை விற்று, ‘சூப்பர்வேல்யூ பார்க்’ என்று மாற்றப் பார்த்தார்கள். அப்போது துணைப் பிரதமராக இருந்த கார்க்காரர் மீஹால் மார்ட்டின்வரை எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் ‘சூப்பர்வேல்யூ பார்க் ஈ க்வீவ்’ என்று முடிந்தது. கடையும் இருக்கட்டும், பழைய செயலாளரும் இருக்கட்டும்.

“அப்படியானால் கட்டியிருக்கவே கூடாதா?” என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் வடக்கே கைகாட்டினார். “பெல்ஃபாஸ்ட்டுக்குப் போய்ப் பாருங்கள்.”

போய்ப் பார்த்தேன். ஆண்டர்சன்ஸ்டவுன் சாலையில் அதே கேலிக் சங்கத்தின் அரங்கம், கேஸ்மென்ட் பார்க். 1953இல் திறந்தது, 2013இல் மூடியது, இன்னும் திறக்கவில்லை. புதுப்பிக்க 2011இல் வடக்கு அயர்லாந்து அரசு பணம் ஒதுக்கியபோது 8 கோடி பவுண்டுக்குள் முடிந்துவிடும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்கு போட்டார்கள். 2014 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. பிறகு மறுபடி வரைபடம், மறுபடி வழக்கு. நடுவே வடக்கு அயர்லாந்தில் ஆட்சியே இல்லாத ஆண்டுகள். 2028 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்காகக் கட்டலாம் என்று வந்தபோது மதிப்பீடு 40 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. 2024 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு கைவிரித்தது. 2025 ஜூனில் 5 கோடி பவுண்டு தருகிறோம் என்றது, ஆனால் அதை வைத்துக் கட்டி முடிக்க முடியாது. நான் நின்ற வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் மண்தான் கிடந்தது. நகரத்தின் மற்ற இரண்டு அரங்கங்கள், கால்பந்துக்கானதும் ரக்பிக்கானதும், அதே நிதித் திட்டத்தில் எப்போதோ எழுந்து நிற்கின்றன.

நல்ல காலம் வரட்டும், அப்புறம் கட்டலாம் என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. கட்டுமானத்தில் அது தலைகீழ். நல்ல காலம் வந்தால் கொத்தனார் கூலியும் இரும்பு விலையும் சேர்ந்தே ஏறும். அயர்லாந்தில் கட்டுமானம் மலிவாகக் கிடந்தது 2010க்கும் 2013க்கும் இடையில். அந்த ஆண்டுகளில் கார்க் யோசித்துக்கொண்டிருந்தது. கொத்தனாரும் தச்சரும் விமானம் ஏறிப் போன பிறகு, விலை ஏறத் தொடங்கியபோது, இடிக்க ஆரம்பித்தது. அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. மலிவாக இருந்த நாளில் கடன் கொடுக்க உயிரோடு ஒரு வங்கி இருந்திருக்க வேண்டுமே.

அதனால் என் தீர்ப்பு இரண்டு பங்கு. நசுங்கிச் சாகும் சுரங்கத்தை இடித்தது சரி, இன்னும் நல்ல காலம் வரட்டும் என்று காத்திருக்காமல் இடித்ததும் சரி. வராத உலகக் கோப்பையை மனதில் வைத்து அளவெடுத்தது தப்பு. திறந்து எட்டு ஆண்டாகியும், 2025இல் ஏறக்குறைய 3 கோடி யூரோ கடன் நின்றது. சம்பளம் வாங்காத பையன்களின் டிக்கெட் வசூலிலிருந்து அதைக் கட்டுகிறார்கள். ஊர்ப் பள்ளி மைதானத்துக்கும் சிறுவர் பயிற்சிக்கும் போயிருக்க வேண்டிய காசு அது.

அந்த ஆண்டு ஜூலையில் டப்ளினில் நடந்த அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் அதே டிப்பரரி, அதே 15 புள்ளி வித்தியாசத்தில் கார்க்கைத் தோற்கடித்தது. 2005க்குப் பிறகு அதுவரை கார்க்குக்கு அந்தக் கோப்பை கிடைக்கவில்லை. அதனால் கூட்டம் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்து போகிறவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் போங்கள். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள், வாசலில் விற்க மாட்டார்கள். இருக்கை கிடைக்கவில்லையே என்று வருந்தாமல் கோலுக்குப் பின்னால் நின்று பாருங்கள், குறைந்த விலைக்கு முழு ஆட்டம். சிவப்பாக ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும்.